அச்சில் இல்லாத ‘சாங்ச்சுவரி’: யாகுசாவும் நாடாளுமன்றமும் சந்திக்கும் ஒரு பழைய ஜப்பானிய காமிக்ஸ்

பழையதாள் (இழையைத் தொடங்கியவர்):

நண்பர்களே, ஜப்பானிய காமிக்ஸ் என்றால் பள்ளிச் சீருடையும் மாயசக்தியும்தான் என்று ஒதுங்கி நிற்பவர்கள் இங்கே நிறைய பேர் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தொடரின் பெயர் ‘சாங்ச்சுவரி’. எழுத்து ஷோ ஃபுமிமுரா, ஓவியம் ரியோய்ச்சி இகெகாமி. 1990 முதல் 1995 வரை ஷோகாக்குக்கான் நிறுவனத்தின் ‘பிக் காமிக் சுப்பீரியர்’ இதழில் வந்தது. ஜப்பானில் 12 தொகுதிகள். ஆங்கிலத்தில் விஸ் நிறுவனம் 1990களில் முழுக் கதையையும் 9 தொகுதிகளாகக் கொண்டுவந்தது. அந்தப் பதிப்பு அச்சை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. பழைய பிரதிகள்தான் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

கதையின் விதை இது. கெமர் ரூஜ் என்ற கொடூரக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் கம்போடியாவில் சிக்கிக்கொண்ட இரண்டு ஜப்பானியச் சிறுவர்கள், ஹோஜோவும் அசாமியும். பெற்றோரை இழந்து, பிணங்களுக்கு நடுவே பசியோடு போராடி, உயிர் பிழைத்து ஜப்பான் திரும்புகிறார்கள். இங்கே யாருக்கும் பசி இல்லை, பயம் இல்லை. ஆனால் தெருவில் நடக்கும் மனிதர்களின் கண்ணில் உயிரும் இல்லை. இந்த நாட்டை அடியோடு மாற்றுவது என்று இருவரும் முடிவெடுக்கிறார்கள். ஒருவன் வெளிச்சத்தின் வழியாக, மற்றவன் இருட்டின் வழியாக. யாருக்கு எது என்பதைக் கல், காகிதம், கத்தரி போட்டுத் தீர்மானிக்கிறார்கள்! ஹோஜோ யாகுசா என்ற ஜப்பானியக் குற்றக் கும்பல் உலகில் ஏறுகிறான். அசாமி அரசியலில் ஏறுகிறான். இருவருக்கும் தொடர்பு உண்டு என்பது வெளியே யாருக்கும் தெரியாது.

என்னைப் பிடித்து இழுத்தது யாகுசா பகுதி இல்லை, அரசியல் பகுதிதான். ஆளும் கட்சியின் பொதுச் செயலாளராக இசவோகா என்று ஒரு கிழவர் வருகிறார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமலே ஒருவரின் வாழ்க்கையை முடித்துவிடக்கூடியவர். கட்சி டிக்கெட் யாருக்கு, பணம் யாருக்கு, எந்தக் கோப்பு எப்போது வெளியே கசிய வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். அவரும் அசாமியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சிகளில் கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. இருந்தும் பக்கத்தைத் திருப்பக் கை தயங்குகிறது. அரசியல் பேரத்தை இவ்வளவு விறுவிறுப்பாக எழுதிய காமிக்ஸ் நான் வேறு வாசித்ததில்லை.

வாசித்தவர்கள் சொல்லுங்கள். முடிவை மட்டும் உடைக்க வேண்டாம்.

தஞ்சாவூரான்:

அண்ணா, கேக்கும்போதே ஆசையா இருக்கு. எங்க கிடைக்கும்? இந்தியாவுல தேடிப் பார்த்தா ஒரு தொகுதிக்கு வாய்க்கு வந்த விலை சொல்றாங்க. அதுவும் நடுவுல ரெண்டு தொகுதி இல்லாம.

கடல்வழி:

தம்பி, நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். பிராஸ் பாசா வளாகத்தின் பழைய புத்தகக் கடைகளில் இதன் ஆங்கிலத் தொகுதிகள் எப்போதாவது தலைகாட்டும், உதிரியாக. முழு செட்டாக நான் கண்டதில்லை. இந்தத் தொடரைத் தேடுபவர்கள் எல்லாரும் முதல் தொகுதியைத்தான் தேடுகிறார்கள். அதனால் அது சீக்கிரம் போய்விடும், கடைசித் தொகுதிகள் குறைவாகவே வரும். நடுத் தொகுதி கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கி வையுங்கள். மற்றவை பின்னால் சேரும்.

எதனால் இது அச்சில் இல்லை என்பதற்கு என் கணிப்பு ஒன்று. 1990களில் ஆங்கிலத்தில் வந்த ஜப்பானிய காமிக்ஸ் பெரும்பாலும் பெரிய அளவு, கூடுதல் விலை, வயது வந்த வாசகர்களுக்கானது. பக்கங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றி அச்சிட்டார்கள். 2002 வாக்கில் சந்தை தலைகீழானது. பதின்வயதினருக்கான கதைகள், கைக்கடக்கமான அளவு, வலமிருந்து இடமாக ஜப்பானில் உள்ளபடியே. பழைய முறையில் வந்த வயது வந்தோருக்கான தொடர்களை மறுபடி கொண்டுவர வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் திரும்பத் தயாரிக்க வேண்டும். செலவு பெரிது, வாங்குபவர் கூட்டம் சின்னது.

ஓவியப்பித்தன்:

அந்த இடவல மாற்றம் இகெகாமிக்குச் செய்த அநியாயம். ஜப்பானில் உயிரோடு இருப்பவர் கிமோனோ என்ற மரபு அங்கியின் இடது பக்கத்தை மேலே போட்டுக் கட்டுவார். வலது பக்கம் மேலே வந்தால் அது சவத்துக்குக் கட்டும் முறை. ஆங்கிலப் பதிப்பில் கிமோனோ கட்டிய கிழட்டுத் தலைவர்கள் எல்லாரும் சவக் கோலத்தில் உட்கார்ந்து நாட்டை ஆள்கிறார்கள். எல்லாரும் இடது கையால் சாகே மது ஊற்றுகிறார்கள். முகங்களும் கெட்டுப்போகின்றன. இகெகாமி முகத்தின் இரண்டு பாதிகளையும் ஒன்றுபோல வரைய மாட்டார், ஒரு புருவம் சற்றே ஏறியிருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் ஆளே மாறிவிடுகிறான்.

இகெகாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1944இல் ஃபுக்குயி மாநிலத்தில் பிறந்தவர். இளவயதிலேயே ஒசாக்காவுக்குப் போய் விளம்பரப் பலகை வரைந்து பிழைத்தார். ‘காரோ’ என்ற காமிக்ஸ் இதழில் அவர் படைப்பு வந்த பிறகு, மூத்த காமிக்ஸ் ஓவியர் ஷிகேரு மிசுக்கியிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1970இல் ஸ்பைடர்மேனின் ஜப்பானிய வடிவத்தை வரைந்ததும் இவரே. பலகை எழுதிய கையின் அடையாளம் அவருடைய கோட்டில் கடைசிவரை இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தாலும் யார் நிற்கிறார்கள், என்ன நினைக்கிறார்கள் என்று தெரியும்.

‘சாங்ச்சுவரி’யில் அவர் செய்திருக்கும் பெரிய வேலை, வெறும் பேச்சுக் காட்சிகளை வரைந்த விதம். நாடாளுமன்ற அறை, காரின் பின் இருக்கை, உணவகத்தின் தனி அறை, இவ்வளவுதான் களம். பேச்சு சூடேறும்போது அவர் ஆட்களை அசைப்பதில்லை. சட்டகத்தைத்தான் நெருக்குகிறார். தோள்வரை தெரிந்த இசவோகா அடுத்த கட்டத்தில் முகமாகிறார், அதற்கடுத்து வாயும் கன்னச் சுருக்கமும் மட்டும். அதன் பின் திடீரென்று கட்டடத்தின் வெளிப்புறம், ஆளே இல்லாமல். அந்த வெளிக்காட்சியில்தான் தோற்றது யார் என்று நமக்கு உறைக்கிறது.

2023இல் பிரான்சின் அங்குலேம் விழாவில் அவருக்குச் சிறப்பு விருது கொடுத்துப் பெரிய கண்காட்சியும் வைத்தார்கள். ‘சாங்ச்சுவரி’ வந்த அதே சுப்பீரியர் இதழில், எழுபது வயதைத் தாண்டியும் 2020இல் புதிய தொடர் ஒன்றை வரையத் தொடங்கினார்.

தஞ்சாவூரான்:

எழுத்தாளர் ஃபுமிமுரா யாரு? வேற எதுவும் எழுதியிருக்காரா?

பழையதாள்:

நன்றாகக் கேட்டீர்கள் தம்பி. ஷோ ஃபுமிமுராவும் புரோன்சனும் ஒரே ஆள். ‘ஹொக்குத்தோ நோ கென்’ எழுதிய அதே புரோன்சன். 1983இலிருந்து 1988 வரை ‘ஷோனென் ஜம்ப்’ இதழில் பையன்கள் பைத்தியமாக வாசித்த தொடர் அது. பாலைவனமாகிப்போன உலகத்தில் முஷ்டியே சட்டம் என்ற கதை. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒரே கேள்வி ஓடுவது தெரியும். எல்லாம் அழிந்த இடத்தில் மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு எழுவான்? முன்னதில் அழிவு கற்பனை. பின்னதில் அது 1975க்கும் 1979க்கும் இடையில் உண்மையாகவே நடந்த கம்போடியா.

நக்கானோவாசி:

நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். இங்கே ஜப்பானியத் தொகுதிகள் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் மலிவாகக் கிடைக்கும். ஜிம்போச்சோவில் தேடலாம், நக்கானோ பிராட்வேயிலும் தேடலாம். ஆனால் கிடைப்பதைவிட, இதை எந்தக் காலத்துக்கு நடுவில் வைத்து வாசிக்கிறோம் என்பது முக்கியம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1989 டிசம்பர் 29 அன்று நிக்கேய் பங்குக் குறியீடு 38,915இல் முடிந்தது. அதுதான் அன்றைய உச்சம். அதன் பின் சரிவு. இந்தத் தொடர் 1990இல் தொடங்குகிறது. அதற்கு முன்பே ரெக்ரூட் என்ற நிறுவனத்தின் ஊழல் வெடித்து, அதன் பங்குகளை வாங்கிக்கொண்ட அரசியல்வாதிகளின் பட்டியல் வெளியாகி, 1989இல் பிரதமர் தக்கேஷிதா பதவி விலகியிருந்தார்.

அரசியல்வாதிக்கு அவ்வளவு பணம் எதற்கு? அன்றைய தேர்தல் முறையைப் பார்க்க வேண்டும். கீழவையில் ஒரு தொகுதிக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 இடங்கள், வாக்காளருக்கு ஒரே ஓட்டு. பெரும்பான்மை வேண்டுமென்றால் ஆளும் கட்சி ஒரே தொகுதியில் இரண்டு மூன்று பேரை நிறுத்தியாக வேண்டும். அப்படியானால் சொந்தக் கட்சிக்காரனே முதல் எதிரி. கொள்கை ஒன்று, கட்சி ஒன்று, பிறகு எதை வைத்து ஓட்டுக் கேட்பது? கல்யாணத்துக்குப் போக வேண்டும், சாவுக்குப் போக வேண்டும், கவர் கொடுக்க வேண்டும், ஆதரவாளர் சங்கத்தை ஊட்டி வளர்க்க வேண்டும். அந்தப் பணத்துக்காக ஒரு கோஷ்டித் தலைவரிடம் போய் ஒண்ட வேண்டும். ஜிபான், கன்பான், கபான் என்று மூன்றைச் சொல்வார்கள்: சொந்த ஊர் ஆள்பலம், பெயர், பணப்பை. அப்பாவிடமிருந்து மூன்றும் மகனுக்கு வரும். இவை எதுவும் இல்லாத அசாமி போன்ற ஒருவன் உள்ளே நுழைய வழியே கிடையாது. கதையில் ஹோஜோ எதற்குத் தேவைப்படுகிறான் என்பது இங்கேதான் விளங்கும். அசாமிக்குத் தகப்பன் தராத மூன்றையும் இருட்டிலிருந்து தருபவன் அவன்.

உங்களை நிமிர்ந்து உட்கார வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. 1987இல் தக்கேஷிதா கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது, ஒரு வலதுசாரிக் கும்பல் ஒலிபெருக்கி வண்டிகளில் அவரைக் கிண்டலாகப் புகழ்ந்து ஊரெல்லாம் அலறிக்கொண்டு சுற்றியது. அதை நிறுத்தக் கட்சியின் பெரிய தலை கனேமாரு, சகாவா கியூபின் என்ற பார்சல் நிறுவனத்தின் டோக்கியோ கிளைத் தலைவர் வழியாக, இனகாவா-காய் யாகுசா தலைவர் இஷியின் உதவியை நாடினார். வண்டிகள் நின்றன. தக்கேஷிதா பிரதமரானார். இது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது 1992இல். ‘சாங்ச்சுவரி’ அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது! யாகுசா தயவில் ஒருவர் மேலே வருவது என்ற கதையை மிகையென்று நினைத்து வாசித்துவந்தவர்கள், அடுத்து அதையே செய்தித்தாளில் படித்தார்கள்.

அதே 1992இல் கனேமாரு அந்த நிறுவனத்திடம் 50 கோடி யென் வாங்கியதை ஒப்புக்கொண்டார். விசாரணைக்கு அழைக்காமலே 2 லட்சம் யென் அபராதத்தோடு விட்டார்கள். ஊர் கொதித்தது. வழக்குத்தொடுப்பு அலுவலகத்தின் பெயர்ப்பலகை மீது ஒருவர் பெயின்ட் வீசினார். 1993 மார்ச்சில் வரி ஏய்ப்புக்காக அவர் கைதானபோது சோதனையில் தங்கக்கட்டிகள் கிடைத்தன. அந்த ஜூலைத் தேர்தலில் 511 இடங்களில் ஆளும் கட்சிக்கு 223தான் கிடைத்தது. 1955இலிருந்து 38 ஆண்டு ஆண்ட கட்சி முதல்முறையாக எதிர்க்கட்சி வரிசைக்குப் போனது.

இசவோகா கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் சுப்பீரியர் இதழைப் பிரித்த ஒவ்வொரு சம்பளக்காரரும் அந்த முகத்தை நேற்று இரவுச் செய்தியில் பார்த்தவர்.

வெண்ணிலா:

நக்கானோவாசி, மிக நல்ல பதிவு. நீங்கள் சொன்ன வரலாற்றிலேயே எனக்குப் பெரிய குறை ஒன்று தெரிகிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தக் காலத்து ஜப்பானிய அரசியலின் மிகப் பெரிய அதிர்ச்சி எது? 1989 ஜூலை மேலவைத் தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சியின் தலைவராக இருந்த தோய் தக்காகோ ஆளும் கட்சியைப் பெரும்பான்மை இழக்க வைத்தார். ஏராளமான பெண்கள் அந்தத் தேர்தலில் நின்று வென்றார்கள். 1993இல் தோய் கீழவையின் முதல் பெண் சபாநாயகரானார். இவ்வளவும் வாசலில் நடந்துகொண்டிருக்கும்போது, நாட்டையே புரட்டிப்போடக் கிளம்பிய இந்தக் கதையில் நினைவில் நிற்கும்படி ஒரு பெண் அரசியல்வாதி இல்லை. 1990இல் தேர்வான கீழவையில் 512 பேரில் 12 பேர்தான் பெண்கள் என்பது உண்மை. அப்படிப்பட்ட சபையைக் கிழவர்களின் சபை என்று திட்டும் கதைக்கு, அது ஆண்களின் சபையும்கூட என்பது கண்ணில் படவே இல்லை.

இருப்பவர் இஷிஹாரா கியோகோ. டோக்கியோவின் ரொப்போங்கி காவல் நிலையத்தின் துணைத் தலைவர், தேர்வெழுதி மேல்மட்டத்தில் நேராகச் சேர்ந்த அதிகாரி, கூர்மையானவர். ஹோஜோ யார், எங்கிருந்து வந்தான் என்று தோண்டத் தொடங்குபவர் அவர்தான். முதல் தொகுதியில் இந்தப் பெண் கதையின் மூன்றாவது தூணாக வரப்போகிறார் என்று நம்பினேன். போகப் போக அவர் ஹோஜோவைக் காதலித்துக் காத்திருப்பவராகக் குறுகிவிடுகிறார். தொக்காய் என்ற முரட்டு யாகுசாவைப் பலரும் ரசித்துப் பேசுகிறார்கள். பெண்களிடம் அவன் நடந்துகொள்ளும் விதத்தைக் கதை வீரத்தின் ஒரு பகுதியாகவே கடந்துபோகிறது. அந்தப் பக்கங்களை என்னால் ரசிக்க முடியவில்லை. புத்தகத்தைப் பரிந்துரைப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழையதாள்:

வெண்ணிலா, இதில் உங்களோடு வாதாட எதுவும் இல்லை. கியோகோவின் விசாரணைதான் முதல் தொகுதியின் முதுகெலும்பு. அதை அப்படியே கொண்டுபோயிருந்தால் மூன்று முனைக் கதையாகியிருக்கும். வாசிக்கப் போகிறவர்களுக்கு: வன்முறையும் பாலியல் வன்முறையும் உள்ள தொடர் இது. வீட்டில் பிள்ளைகள் எடுக்கும் அலமாரியில் வைக்காதீர்கள்.

முத்துநகர்:

எனக்கு இன்னும் அடிப்படையான சந்தேகம். எல்லாரும் இதை அரசியல் கதை என்கிறீர்கள். எனக்கு இது அரசியலுக்கே எதிரான கதையாகப் படுகிறது. மக்கள் செத்த கண்ணோடு இருக்கிறார்கள், கிழவர்கள் அழுகிவிட்டார்கள், அதனால் சாவைப் பார்த்து வந்த இரண்டு அபூர்வ மனிதர்கள் எல்லாவற்றையும் மேலிருந்து சரிசெய்வார்கள். மிரட்டல், ரகசியக் கோப்பு, தேவைப்பட்டால் கொலை. இந்த வழியில் வந்த ஒருவன் ஆட்சியில் உட்கார்ந்தால் அவனை யார் கேள்வி கேட்பது? இசவோகாவும் தன் இளமையில் இதையே சொல்லித்தானே மேலே வந்திருப்பார்?

அழகான முகமும் நல்ல கோட்டும் போட்டு வரைந்துவிட்டால் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். இகெகாமியின் திறமையே இங்கே ஆபத்து என்பேன்.

ஓவியப்பித்தன்:

முத்துநகர் சார், ஓவியம் ஒருபக்கமாகச் சாயவில்லை என்பதற்கு இசவோகாவே சாட்சி. தொடக்கத்தில் அவரை வெறும் அருவருப்பாக வரைகிறார், தடித்த உதடு, வழுக்கை, வியர்வை. கதை நகர நகர அந்த முகத்துக்கு ஒரு கம்பீரம் ஏறுகிறது. போருக்குப் பின் சாம்பலிலிருந்து நாட்டைக் கட்டிய தலைமுறை அது. பசி என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும். அசாமியை அவர் வெறுப்பதே அவனிடம் தன் இளமையைப் பார்ப்பதால்தான் என்று எனக்குத் தோன்றியது. எதிரிக்கு இவ்வளவு மரியாதை தரும் கதையை ஒற்றை வீரனின் துதி என்று சொல்லிவிட முடியுமா?

முத்துநகர்:

எதிரிக்கு மரியாதை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். வாக்காளருக்கு எங்கே மரியாதை? தெருவில் நடப்பவன் எப்போதும் கூட்டமாகவே வருகிறான், தனி முகமாக வருவதே அபூர்வம்.

நக்கானோவாசி:

இது கனமான கேள்வி. நான் வாசித்த விதத்தைச் சொல்கிறேன். அசாமியின் திட்டம் தான் மட்டும் மேலே போவது இல்லை. இளைய உறுப்பினர்களைக் கோஷ்டித் தலைவர்களிடமிருந்து பிரித்துத் தன் பக்கம் சேர்ப்பது, இளைஞர்களை வாக்குச்சாவடிக்கு இழுப்பது. கீழவைக்கு நிற்க 25 வயது போதும், மேலவைக்கு 30. சட்டம் தடுக்கவில்லை, வழக்கம்தான் தடுக்கிறது. முதல் பாதியின் தேர்தல் அத்தியாயங்களில் இந்தக் கோபம் நேர்மையாக இருக்கிறது. பின்பாதியில் ஆட்டம் பெரிதாகப் பெரிதாக, நாடாளுமன்றக் காய் நகர்த்தல் வாக்காளரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்துவிடுகிறது. அங்கே முத்துநகர் சொல்வது சரி.

கம்போடியா பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது கதைக்கு ஒட்டவைத்த பின்னணி இல்லை. 1991 அக்டோபரில் பாரிசில் கம்போடிய அமைதி ஒப்பந்தம். 1992 ஜூனில், ஐ.நா. அமைதிப் பணிக்குப் படையை அனுப்பும் சட்டத்துக்காக ஜப்பானிய நாடாளுமன்றத்தில் பெரும் போராட்டம். எதிர்க்கட்சியினர் ஓட்டுப் போடப் போகும்போது வேண்டுமென்றே ஆமை வேகத்தில் நடந்து இரவு பகலாக இழுத்தடித்தார்கள். செப்டம்பரில் தற்காப்புப் படை கம்போடியா போனது. 1993 ஏப்ரலில் ஓர் இளம் ஜப்பானியத் தன்னார்வலரும், மே மாதத்தில் ஒரு காவல் அதிகாரியும் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொலைதூரக் கம்போடியா திடீரென்று ஒவ்வொரு ஜப்பானிய வீட்டின் கவலையாகிவிட்டது. அந்த மாதங்களில், அதே மண்ணில் வளர்ந்த இரண்டு பேரின் கதை ஜப்பானிய ரயில்களில் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ‘உலகம் எரியும்போது நாம் எப்படி இவ்வளவு சுகமாக இருக்கிறோம்’ என்று ஹோஜோவும் அசாமியும் 1990இல் கேட்டதை, 1993இல் நாடே கேட்டது.

தஞ்சாவூரான்:

இப்ப அந்த மாதிரி ஒரு ஹோஜோ வர முடியுமா அங்க?

நக்கானோவாசி:

முடியாது தம்பி. யாகுசா ஒழிப்புச் சட்டம் 1992 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, தொடர் பாதி வழியில் இருக்கும்போதே. இன்ன குழு யாகுசா என்று அரசே பெயர் குறித்து அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம், யாகுசாவை எதிர்த்துப் படமெடுத்த இயக்குநர் இத்தாமி ஜூசோவின் முகத்தைக் கத்தியால் கிழித்தார்கள். மக்களின் பொறுமை அதோடு போய்விட்டது. 2011இல் எல்லா மாநிலங்களிலும் யாகுசாவை ஒதுக்கிவைக்கும் ஆணைகள் வந்த பிறகு யாகுசா என்று தெரிந்தால் வங்கிக் கணக்கு கிடையாது, வாடகை வீடு கிடையாது. 1991இல் சுமார் 91,000 பேர் இருந்தார்கள், 2023இல் 20,400. விலை உயர்ந்த கோட்டும் பளபளக்கும் அலுவலகமுமாக ஹோஜோ வலம்வரும் ரொப்போங்கி போய்விட்டது. தேர்தல் முறையும் 1994 சீர்திருத்தத்தில் மாறி, தொகுதிக்கு ஒரு உறுப்பினர் என்றானது. ஆனால் அப்பாவின் தொகுதியை மகன் வாங்கிக்கொள்வது மட்டும் மாறவில்லை. அசாமிக்கு இன்றும் வேலை இருக்கிறது.

வெண்ணிலா:

கடைசி வரி உண்மை. இத்தனை குறை சொன்ன பிறகும் நான் இதை முழுதாக வாசித்தேன், மறுபடியும் வாசிப்பேன். அசாமி முதன்முதலாகக் கிழவர்கள் நடுவே தனியாக எழுந்து நின்று பேசும் இடத்துக்காக.

கடல்வழி:

தஞ்சாவூரான், என்னிடம் 4ஆம் தொகுதி இரண்டு பிரதி சேர்ந்துவிட்டது. தனிமடல் போடுங்கள், ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன். முத்துநகர் சார் எழுப்பிய கேள்வியை 7ஆம் தொகுதி வரை வாசித்தவர்கள் சேர்ந்த பிறகு தனி இழையில் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் பேசினால் முடிவு உடைந்துவிடும்.

பழையதாள்:

சம்மதம். அந்த இழையை முத்துநகரே தொடங்கட்டும்.